இயன்முறை மருத்துவக் கல்வியில் காணொலிவழிப் பின்னூட்டம்: செய்திறன் பயிற்றலின் நெறிகளும் எல்லைகளும்

ஆய்வுச் சுருக்கம்

இயன்முறை மருத்துவத்தின் அடிப்படைத் திறன்கள் பெரும்பாலும் கையாலும் உடலாலும் செய்யப்படுபவை. அவற்றைச் செய்யும் மாணவரால் அச்செயலை வெளியிலிருந்து காண இயலாது. இக்குறையை நீக்கக் காணொலிப் பதிவு துணைபுரிகிறது. எனினும், பதிவை எடுத்துக் காட்டுவது மட்டுமே கற்பித்தல் ஆகிவிடாது. எதைப் பார்ப்பது, யார் முதலில் பேசுவது, பார்த்தபின் என்ன செய்வது, எப்போது பதிவைக் கைவிடுவது ஆகியவற்றை வரையறுக்கும் நெறிகளே அதனைப் பின்னூட்டமாக மாற்றுகின்றன. இக்கருத்தை இயக்கக் கற்றல் ஆய்வுகளின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும் திறன் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. காணொலியால் காட்ட இயலாத கூறுகளும், நோயாளியின் இசைவு தொடர்பான கடமைகளும் இறுதியில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இயன்முறை மருத்துவம், காணொலி, பின்னூட்டம், செய்திறன், இயக்கக் கற்றல், தன்மதிப்பீடு, பக்கவாதம்

1. முன்னுரை

மருத்துவக் கல்வியில் திறனை மதிப்பிடும் படிநிலைகளை ஜார்ஜ் மில்லர் 1990இல் ஒரு கூம்பு வடிவில் விளக்கினார். அடித்தளத்தில் அறிதல், அதற்கு மேல் எவ்வாறு செய்வது என அறிதல், அதற்கும் மேல் செய்து காட்டுதல், உச்சியில் பணிக்களத்தில் இயல்பாகச் செய்தல் என அது நான்கு படிகளைக் கொண்டது. எழுத்துத் தேர்வு முதல் இரு படிகளையே அளக்கவல்லது. மூன்றாம் படியை அளக்க, ரொனால்ட் ஹார்டனும் அவருடைய குழுவினரும் 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் அறிமுகப்படுத்திய, நிலையங்களாகப் பிரித்து நடத்தப்படும் ‘ஓஸ்கி’ எனும் செய்முறைத் தேர்வு இன்று உலகெங்கும் பயன்படுகிறது.

தேர்வுமுறை இவ்வாறு வளர்ந்திருப்பினும், அத்தேர்வுக்கு மாணவரை ஆயத்தப்படுத்தும் வகுப்பறையில் பழைய இடர்ப்பாடு நீடிக்கிறது. ஆசிரியர் ஒருமுறை செய்து காட்டுகிறார். மாணவர்கள் இருவர் இருவராகப் பிரிந்து செய்து பார்க்கின்றனர். ஆசிரியர் ஒவ்வொரு படுக்கையாகச் சென்று சில நொடிகள் நின்று ‘சரி’ என்றோ ‘முதுகை வளைக்காதே’ என்றோ கூறிக் கடந்துசெல்கிறார். அச்சொல் எந்தக் கணத்தைக் குறித்தது என்பது மாணவருக்குப் பல வேளைகளில் விளங்குவதில்லை. இந்த இடைவெளியைக் காணொலி எவ்வாறு நிரப்பக்கூடும், எந்நிபந்தனைகளின்கீழ் நிரப்பக்கூடும் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

2. செய்பவர் காணாத செயல்

பக்கவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்த ஒருவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதைக் கருதுக. மாணவரின் பார்வை பெரும்பாலும் நோயாளியின் முகத்திலோ நாற்காலியிலோ பதிந்திருக்கும். அவ்வேளையில் தம் முதுகு வளைந்திருப்பதையும், பாதங்கள் நெருங்கியிருப்பதையும், திரும்பும்போது பாதங்களை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் முறுக்குவதையும் அவர் காண்பதில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, நோயாளி தள்ளாடும் கணத்தில் தம் கை அனிச்சையாக அவருடைய செயலிழந்த கையைப் பற்றி இழுத்ததையும் அவர் அறியாதிருக்கக்கூடும்.

இப்பிழை சிறிதன்று. பக்கவாதத்தின் தொடக்க நிலையில் தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கும். அந்நிலையில் கையைப் பிடித்து இழுப்பது மூட்டு நழுவுவதற்கும் நீடித்த தோள்வலிக்கும் வழிவகுக்கக்கூடும். வலிமிகுந்த தோள், கையை மீட்கும் பயிற்சிக்கே தடையாகிவிடும். முறையற்று வளையும் முதுகோ மாணவரையே நாளை நோயாளியாக்கும். ஆகவே, செய்பவர் அறியாத ஒரு கணத்தை அவருக்கு அறிவிப்பது மதிப்பெண் சார்ந்த செய்தியாக நின்றுவிடுவதில்லை. இரு உடல்களின் பாதுகாப்பு அதில் அடங்கியுள்ளது.

3. பின்னூட்டத்தின் இரு வகைகள்

இயக்கக் கற்றல் துறையினர் வெளியிலிருந்து வரும் பின்னூட்டத்தை இரண்டாகப் பகுப்பர். ஒன்று, விளைவு பற்றிய அறிவு. நோயாளி நாற்காலியில் அமர்ந்தாரா, எவ்வளவு நேரமாயிற்று என்பன அவ்வகை. மற்றொன்று, செயற்பாடு பற்றிய அறிவு. முழங்கால் எப்போது தடுக்கப்பட்டது, கை எங்கே இருந்தது, உடற்பாரம் எவ்வழி நகர்ந்தது என்பன இவ்வகை.

இடமாற்றத் திறனில் முதல்வகை அறிவு ஏமாற்றக்கூடியது. நோயாளி பாதுகாப்பாக அமர்ந்துவிட்டால் மாணவர் தம் செயல் சரியென்றே எண்ணுவார். வலிமை மிக்க மாணவர் தவறான முறையிலும் நோயாளியைத் தூக்கி அமர்த்திவிட இயலும். விளைவு சரியாகவும் வழி தவறாகவும் அமையும் இத்தகைய திறன்களில் செயற்பாடு பற்றிய அறிவே இன்றியமையாதது. காணொலி தருவது இவ்வறிவையே.

4. பார்த்தல் மட்டும் போதுமா?

காணொலியைப் போட்டுக் காட்டினாலே மாணவர் தம் பிழையைக் கண்டுகொள்வார் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. ஆய்வுகள் இதனை முழுமையாக ஏற்கவில்லை. ராத்ஸ்டீன், ஆர்னால்ட் ஆகிய இருவரும் விளையாட்டுத் திறன்களில் ஒளிப்பதிவு நாடாவின் பயன்பாடு பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 1976இல் மதிப்பாய்வு செய்தனர். தொடக்க நிலையினருக்கு, எங்கே கவனிக்க வேண்டும் எனச் சுட்டும் சொல்வழிக் குறிப்பு இணைந்தபோதே பதிவு பயனளித்தது என்பது அவர்கள் கண்ட முடிவுகளுள் முதன்மையானது.

கெர்னோடல், கார்ல்ட்டன் ஆகியோர் 1992இல் வெளியிட்ட ஆய்வு இதனை மேலும் தெளிவாக்கியது. பழக்கமற்ற கையால் பந்தை எறியக் கற்றவர்கள் நான்கு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்கு எறிந்த தொலைவு மட்டும் அறிவிக்கப்பட்டது. மற்றொரு பிரிவினர் தம் பதிவை மட்டும் கண்டனர். மூன்றாம் பிரிவினர்க்குப் பதிவோடு கவனிக்க வேண்டிய கூறும் சுட்டப்பட்டது. நான்காம் பிரிவினர்க்குப் பதிவோடு அடுத்த முறை என்ன மாற்ற வேண்டும் என்பதும் கூறப்பட்டது. பின்னிரு பிரிவினரே எறிதொலைவிலும் எறியும் முறையிலும் சிறந்து விளங்கினர். பதிவை மட்டும் கண்டவர்கள் அத்தகு முன்னேற்றத்தை அடையவில்லை.

இதன் காரணம் ஊகிக்கத்தக்கது. ஒரு பதிவில் ஒரே நேரத்தில் எண்ணற்ற செய்திகள் உள்ளன. எது முக்கியம் என்பதை அறிந்தவருக்கே அது பாடமாகிறது. அறியாதவர் தம் தலைமுடி, குரல், உடை ஆகியவற்றைக் கண்டு கூச்சமடைவதோடு நின்றுவிடுகிறார்.

தன்மதிப்பீடு குறித்து க்ரூகர், டன்னிங் ஆகியோர் 1999இல் கார்னெல் பல்கலைக்கழக மாணவரிடையே நடத்திய ஆய்வும் இங்குக் கருதத்தக்கது. தருக்கம், இலக்கணம் போன்றவற்றில் கடைசிக் காற்பகுதியினர் சராசரியாக 12ஆம் நூற்றுமானத்தில் இருந்தும் தம்மை 62ஆம் நூற்றுமானத்தில் மதிப்பிட்டனர். தம்மினும் சிறப்பாகச் செய்தோரின் விடைத்தாள்களைக் கண்டபின்னரும் அவர்களுடைய மதிப்பீடு திருந்தவில்லை. திறனையே பயிற்றியபோதுதான் தம் குறையை அவர்கள் உணர்ந்தனர். அது அறிவுசார் பணிகளைப் பற்றிய ஆய்வு. உடற்திறனுக்கு அதனை அப்படியே பொருத்தலாகாது. ஆயினும், அளவுகோல் இல்லாதவருக்கு ஒப்பீடு உதவாது என்னும் எச்சரிக்கையைக் காணொலி வகுப்பும் ஏற்க வேண்டியுள்ளது. ஆகவே பதிவுக்கு முன்னரே அளவுகோல் கற்பிக்கப்பட வேண்டும்.

5. இயன்முறை மருத்துவ மாணவரிடையே ஓர் ஆய்வு

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மலோனி முதலானோர் 60 இயன்முறை மருத்துவ மாணவரைக் கொண்டு நடத்திய சமவாய்ப்புப் பகிர்வு ஆய்வு 2013இல் வெளியானது. ஒரு பாதியினர் சிக்கலான ஒரு மருத்துவத் திறனை வழக்கமான செய்முறை வகுப்பின்வழிக் கற்றனர். மறுபாதியினர் அவ்வகுப்போடு, தம் செயலைத் தாமே பதிவுசெய்து சீர்தூக்கும் பணியையும் மேற்கொண்டனர். பின்னர் நடந்த ஓஸ்கி தேர்வில் காணொலிப் பணி இணைந்த பயிற்சிக்கே கூடுதல் மதிப்பெண் கிடைத்தது, வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருளுடையதாக அமைந்தது (நிகழ்தகவு மதிப்பு 0.048). தம் நம்பிக்கையும் உயர்ந்ததாக மாணவர் கூறினர்.

இம்முடிவை ஏற்கும்போது இரு செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டும். முதலாவது, அந்நிகழ்தகவு மதிப்பு வழக்கமான எல்லையாகிய 0.05ஐ ஒட்டியே உள்ளது. ஒரே நிறுவனத்தில் கிடைத்த முடிவும் ஆகும். இரண்டாவது, நல்லதொரு பதிவை ஒப்படைக்க விரும்பும் மாணவர் பலமுறை செய்துபார்ப்பது இயல்பு. எனவே முன்னேற்றத்தில் கண்ணால் கண்டதன் பங்கு எவ்வளவு, கூடுதல் பயிற்சியின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிவது கடினம். ஆசிரியர் நோக்கில் இது குறையாகாது. மாணவரைத் தாமாகவே மீண்டும் செய்யத் தூண்டுவதும் கற்பித்தல் முறையின் பயனே.

6. இடமாற்றத் திறன்: ஒரு செயல்முறை

மேற்கண்ட முடிவுகளை வகுப்பறைக்குக் கொண்டுவரும் ஒரு முறை கீழே தரப்படுகிறது. தொடக்கத்தில் உடன்பயிலும் மாணவரே நோயாளியாக நடிப்பது பொருத்தமாகும்.

6.1 அளவுகோல் அமைத்தல்

பதிவுக்கு முன் ஆசிரியரும் மாணவரும் இணைந்து ஒரு சரிபார்ப்புப் பட்டியலை உருவாக்குதல் வேண்டும். அதன் கூறுகள் கண்ணால் கண்டு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ எனக் கூறத்தக்கனவாய் இருத்தல் நலம்.

அ) சக்கர நாற்காலி நோயாளியின் வலிமையுள்ள பக்கத்தில், கட்டிலை ஒட்டிச் சற்றுச் சாய்கோணத்தில் வைக்கப்பட்டுள்ளதா?
ஆ) நாற்காலியின் தடைகள் இரண்டும் பூட்டப்பட்டனவா? கால்தாங்கிகள் விலக்கப்பட்டனவா?
இ) நோயாளி கட்டிலின் விளிம்புக்கு வந்து, பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிந்து, முழங்காலுக்குச் சற்றுப் பின்னே உள்ளனவா?
ஈ) எழுமுன் நோயாளியின் மேலுடல் முன்னோக்கிச் சாய்ந்ததா?
உ) செயலிழந்த காலின் முழங்கால் மாணவரின் முழங்காலால் தாங்கப்பட்டதா?
ஊ) பிடிப்பு இடுப்பிலோ இடுப்புப் பட்டையிலோ உள்ளதா? செயலிழந்த கை இழுபடாமல் காக்கப்பட்டதா?
எ) மாணவர் முழங்காலை மடக்கி, முதுகை முறுக்காமல், பாதங்களை நகர்த்தித் திரும்பினாரா?
ஏ) அடுத்து நிகழவிருப்பதை நோயாளிக்கு முன்கூட்டியே சொன்னாரா?

‘நல்ல உடல்நிலை’, ‘போதிய கவனம்’ போன்ற பொதுச்சொற்கள் இப்பட்டியலில் இடம்பெறலாகாது. அவற்றைக் கண்டு குறிக்க எவராலும் இயலாது.

6.2 பதிவுசெய்தல்

விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. தாங்கியில் நிறுத்திய கைப்பேசி போதும். இருவரின் முழு உடலும், குறிப்பாகப் பாதங்களும் சட்டத்துக்குள் அமைய வேண்டும். முதுகின் நிலையைக் காணப் பக்கவாட்டுக் கோணமும், கைப்பிடியைக் காண முன்புறச் சாய்கோணமும் ஏற்றவை. ஒரே கருவி இருப்பின் இரு முறை செய்து இரு கோணங்களில் பதியலாம். கருவியைக் கையில் ஏந்தி நகர்த்துவதும் பெரிதாக்குவதும் செயலின் ஒரு பகுதியை மறைத்துவிடும்.

6.3 பார்த்தலும் பேசுதலும்

முதன்முறை பதிவு இடையில் நிறுத்தப்படாமல் ஓட வேண்டும். தம் உருவத்தைத் திரையில் காணும் கூச்சம் அடங்க அது இடமளிக்கும். இரண்டாம் முறை மாணவர் பட்டியலைக் கையில் வைத்துக் குறிக்கிறார். பிறகே உரையாடல் தொடங்குகிறது. முதலில் பேசுபவர் மாணவராகவே இருத்தல் வேண்டும். ஆசிரியர் முந்திக்கொண்டால் மாணவர் தம் கண்ணை விடுத்து ஆசிரியரின் முகத்தையே பார்க்கத் தொடங்குவார்.

ஆசிரியரின் பங்கு, மாணவர் காணத் தவறிய கணத்தில் பதிவை நிறுத்திக் கேள்வி எழுப்புவது. ‘இங்கே உன் வலக்கை எதைப் பற்றியிருக்கிறது?’ என்னும் வினா, ‘நீ கையை இழுத்துவிட்டாய்’ என்னும் தீர்ப்பைவிடப் பயன்மிக்கது. விடையை மாணவரே திரையில் தேட வேண்டியிருப்பதால் அக்கணம் அவருக்குரியதாகிறது. ஓர் அமர்வில் ஓரிரு திருத்தங்களே போதும். முதலில் நோயாளியின் பாதுகாப்பு, அடுத்து மாணவரின் உடற்பாதுகாப்பு, அதன்பின் செயலின் சீர்மை என்னும் வரிசை பின்பற்றத்தக்கது.

6.4 உடனே மீண்டும் செய்தல்

திருத்தம் தேர்ந்தெடுக்கப்பட்டவுடன், வகுப்பு முடியுமுன் மாணவர் அச்செயலை மீண்டும் செய்தல் வேண்டும். இப்படி இல்லாத காணொலி அமர்வு வெறும் விமரிசனக் கூட்டமாக முடிந்துவிடும்.

6.5 நேரச் சிக்கல்

ஒரு வகுப்பில் 40 மாணவர் இருந்து, ஒவ்வொருவரும் 5 நிமிடப் பதிவை ஒப்படைத்தால் ஆசிரியர் 200 நிமிடங்கள் பார்க்க வேண்டியிருக்கும். கருத்துரை எழுதும் நேரம் வேறு. பல கல்லூரிகளில் இம்முறை ஓரிரு வாரங்களில் கைவிடப்படுவதற்கு இதுவே போதிய காரணம் ஆகலாம். இதனைத் தவிர்க்க, மாணவரும் இணை மாணவரும் முதலில் பட்டியலை நிரப்பி, தாம் உடன்படாத கணத்தை மட்டும் நேரக்குறிப்போடு ஆசிரியருக்கு அனுப்பலாம். ஒருவருக்கு ஒரு நிமிடப் பகுதி என்றால் 40 நிமிடங்களில் பணி முடியும். ஆசிரியரின் கவனமும் அது தேவைப்படும் இடத்தில் குவியும். ஆனால் பாதுகாப்பு தொடர்பான கூறுகளில் இருவரும் ஒருங்கே தவறக்கூடும். எனவே ஒவ்வொரு முறையும் சில பதிவுகளை ஆசிரியர் முழுமையாகப் பார்ப்பது தேவை.

7. பின்னூட்டம் எப்போது குறைய வேண்டும்?

ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் பதிவைக் காட்டுவதே சிறந்தது எனத் தோன்றலாம். சால்மோனி, ஷ்மிட், வால்ட்டர் ஆகியோர் 1984இல் முன்வைத்த கருத்து இதற்கு மாறானது. இடையறாத பின்னூட்டம் பயிற்சியின்போது செயலைச் செம்மையாக்கும். ஆனால் கற்பவர் அதனையே ஊன்றுகோலாக்கிக் கொள்வதால், அது நீங்கியதும் செயல் தளர்ந்துவிடும் என்பது அவர்கள் வாதம். இயன்முறை மருத்துவத் துறையைச் சேர்ந்த வின்ஸ்டைன், ஷ்மிட்டுடன் இணைந்து 1990இல் வெளியிட்ட ஆய்வில், பாதி முயற்சிகளுக்கு மட்டும் பின்னூட்டம் பெற்றோர் பிற்றைநாள் நினைவுத் தேர்வில் மேம்பட்டனர். அங்குப் பின்னூட்டம் தொடக்கத்தில் மிகுதியாகவும் போகப்போகக் குறைவாகவும் வழங்கப்பட்டது.

அவ்வாய்வு எளிய கையசைவு ஒன்றைப் பற்றியது. இடமாற்றம் போன்ற சிக்கலான திறனில் தொடக்கப் பின்னூட்டம் இன்னும் நீள வேண்டியிருக்கும். ஆயினும் நோக்கம் ஒன்றே. மருத்துவமனையின் படுக்கையருகே காணொலி இராது. அங்கே மாணவருக்குத் துணை, தம் பாதங்களின் அழுத்தத்தையும் முதுகின் இறுக்கத்தையும் உணரும் உள்ளுணர்வே. ஆகவே பதிவைக் காணுமுன் ‘உன் பாரம் எந்தக் காலில் இருந்தது?’ எனக் கேட்டு, விடையைத் திரையோடு ஒப்பிடச் செய்வது நன்று. உடல் உணர்ந்ததும் கண் கண்டதும் ஒத்துவரத் தொடங்கும்போது பதிவைப் படிப்படியாகக் குறைக்கலாம்.

8. நோயாளியோடு பேசும் மொழி

காணொலி வெளிப்படுத்தும் மற்றொரு கூறு பேச்சு. தமிழகத்தில் இயன்முறை மருத்துவப் பாடங்கள் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகின்றன. நோயாளிகளுள் மிகப் பலர் தமிழ் மட்டுமே அறிந்தவர்கள். வகுப்பறையில் பழகிய மாணவர் பதற்றத்தில் ‘முட்டியை ஃபிளெக்ஸ் பண்ணுங்க’, ‘வெயிட்டை ஷிஃப்ட் பண்ணுங்க’ எனக் கூறுவது அரிதன்று. நோயாளி விளங்காமல் விழிக்கும் அக்கணம் பதிவில் தெளிவாகத் தெரியும். ‘முழங்காலை மடக்குங்கள்’, ‘மூக்கு பாதத்துக்கு நேரே வரும்படி முன்னே குனியுங்கள்’, ‘மூன்று என்றதும் எழுந்திருங்கள்’ என்னும் தொடர்களை முன்கூட்டியே பயில்வதும் செய்திறனின் பகுதியே. பக்கவாதத்தோடு சொல்லைப் புரிந்துகொள்ளும் ஆற்றலும் குறைந்தவர்க்கு, ஒரு நேரத்தில் ஒரு குறுந்தொடரும் அதற்கேற்ற சைகையும் தேவைப்படும். இவற்றை மதிப்பிடப் பதிவின் ஒலியைத் தனியாகக் கேட்பதும், ஒலியின்றிக் காட்சியை மட்டும் பார்ப்பதும் எளிய உத்திகள்.

9. காணொலி காட்டாதவை

காணொலி கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவதையே காட்டும், தொடுவுணர்வைக் காட்டாது. முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் சிதைந்துள்ளதா என அறியச் செய்யப்படும் லாக்மேன் சோதனையில், முழங்காலை ஏறத்தாழ 20 முதல் 30 பாகை மடக்கி, ஒரு கையால் தொடை எலும்பை நிலைநிறுத்தி, மறு கையால் கால் எலும்பை முன்னோக்கி இழுக்க வேண்டும். கோணத்தையும் கைகளின் இடத்தையும் காணொலி காட்டும். இழுப்பின் முடிவில் கை உணர வேண்டிய உறுதியான தடையையோ அதன் இன்மையையோ அது காட்டாது. அதனை அறிய ஆசிரியரின் கை மாணவரின் கைமேல் இருப்பதே வழி.

கோணங்களை அளப்பதிலும் எச்சரிக்கை தேவை. ஒளிப்படக்கருவி அசைவின் தளத்துக்குச் செங்குத்தாக இல்லையெனில், திரையில் தோன்றும் கோணம் உண்மைக் கோணத்தினின்று வேறுபடும். மாணவர் கோணமானியின் அச்சைச் சரியான எலும்புப் புடைப்பில் வைத்தாரா என்பதை மதிப்பிடலாம். கோணத்தின் அளவைத் திரையிலிருந்து முடிவுசெய்வது பொருந்தாது.

10. இசைவும் காப்பும்

உண்மையான நோயாளியைப் பதிவுசெய்யும்போது அவருடைய உடலும் நோயும் தரவாகின்றன. இந்தியாவின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, இசைவு என்பது கட்டாயமற்றதாகவும், குறித்த நோக்கத்துக்கு உரியதாகவும், விவரம் அறிந்து தரப்பட்டதாகவும், நிபந்தனையற்றதாகவும், ஐயத்துக்கு இடமற்றதாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது; அதனைத் திரும்பப் பெறும் உரிமையையும் வழங்குகிறது. இசைவுக் கோரிக்கையை ஆங்கிலத்தில் மட்டுமன்றி அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளிலும் பெறும் வாய்ப்பு இருத்தல் வேண்டும். எனவே தமிழில் எழுதிய இசைவுப் படிவத்தை வைத்திருப்பது கல்லூரியின் கடமையாகிறது.

நடைமுறையில் மேலும் சில காப்புகள் தேவை. மறுத்தால் சிகிச்சை குறையாது என்பது நோயாளிக்குச் சொல்லப்பட வேண்டும். பதிவு மாணவரின் சொந்தக் கைப்பேசியிலோ செய்திப் பகிர்வுக் குழுக்களிலோ தங்கலாகாது. நோக்கம் நிறைவேறியதும் அழிக்கப்பட வேண்டும். பேச்சோ புரிதலோ பாதிக்கப்பட்டுத் தம் விருப்பத்தைத் தெரிவிக்க இயலாதவரைப் பதிவுசெய்யாமல், நடிப்பு நோயாளியைக் கொள்வதே தக்கது. மாணவரின் இசைவும் கருதத்தக்கது. மதிப்பெண் வழங்கும் அதிகாரம் உடையவரிடம் ‘மாட்டேன்’ எனக் கூறுவது எளிதன்று. ஆகவே பயிற்சிப் பதிவுகள் மதிப்பெண்ணுக்குரியன அல்ல என முன்னரே அறிவித்தல் நேர்மையானது. அது பிழையை ஒளிக்காமல் பேசவும் இடந்தரும்.

11. முடிவுரை

காணொலி, செய்பவர் காணாத செயலை அவருக்குக் காட்டுகிறது. ஆனால் கண்ணாற் காண்பது கற்றலாக வேண்டுமாயின், பதிவுக்கு முன் அளவுகோலும், பார்க்கும்போது கவனக் குறிப்பும், பார்த்தபின் உடனடி மறுமுயற்சியும் தேவை என்பதை ஆய்வுகள் உணர்த்துகின்றன. திறன் வளரவளரப் பதிவு குறைய வேண்டும். தொடுவுணர்வு சார்ந்தவற்றை ஆசிரியரின் கையே கற்பிக்க வேண்டும். நோயாளியின் இசைவு இவையனைத்துக்கும் முன்நிற்க வேண்டும். கைப்பேசி ஏறத்தாழ ஒவ்வொரு மாணவரிடமும் உள்ள இக்காலத்தில் கருவி தட்டுப்பாடு இல்லை. கல்லூரிகள் ஒதுக்க வேண்டியது, பட்டியலை உருவாக்கவும் ஒரு கணத்தில் நிறுத்திப் பேசவும் மீண்டும் செய்துபார்க்கவும் ஆன நேரத்தையே. ஒரு திறனைத் தேர்ந்து, ஒரு வகுப்பில், ஒரு பருவம் முழுவதும் இதனை நடத்தி, வழக்கமான முறையோடு ஒப்பிட்டு நோக்கும் ஆய்வுகள் தமிழகக் கல்லூரிகளிலிருந்தும் வெளிவருமாயின், நம் நோயாளிகளுக்கும் நம் மொழிச்சூழலுக்கும் ஏற்ற நெறிகள் உருவாகும்.